மக்கள் பணத்தில் பிறந்த மருந்து யாருடைய சொத்து?

நோய் ஒருவரைப் பற்றுமுன் அவர் இன்ன இனத்தவர், இன்ன மதத்தவர், இவ்வளவு பொருளுடையவர் என்று விசாரிப்பதில்லை. மருந்து விசாரிக்கிறது. மடியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டறிந்த பின்னரே அது நோயாளியின் படுக்கையண்டை வருகிறது. இவ்விசாரணையை நடத்தும் அதிகாரத்தை மருந்துக்கு வழங்கியவர் யார்? இயற்கையன்று, இறைவனுமல்லன். சட்டம் வழங்கியது. சட்டம் வழங்கிய உரிமையைச் சட்டத்தினாலேயே வரையறுக்கவும் முடியும் என்பதே நாம் இங்கு நிலைநாட்ட விரும்புவது.

இதற்குச் சான்றாக இலண்டன் மாநகரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவகத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். 1909ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று, 2003ஆம் ஆண்டு முதல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுள் ஒன்றாக விளங்குவது இந்நிறுவகம். அறிவைப் பொதுச்சொத்தாக வைத்துக் காத்த பெருமையும் இதற்குண்டு. தான் கண்ட மருந்து தன் கையைவிட்டுப் போய்ப் பெருவிலைக்கு விற்கப்பட்டதைக் கண்ட அனுபவமும் இதற்குண்டு. வழக்கின் இருதரப்புச் சாட்சிகளும் ஒரே கூரையின்கீழ் அகப்படுவது வழக்கறிஞருக்கு அடிக்கடி வாய்ப்பதன்று.

வில்லியம் மார்ஸ்டன் என்னும் வைத்தியரின் மனைவி எலிசபெத் ஆன் 1846ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். அக்காலத்து வைத்தியம் அவருக்கு யாதொன்றும் செய்யமுடியாது நின்றது. ஐந்தாண்டுகளின் பின், 1851இல், புற்றுநோயாளருக்கென்றே ஒரு வைத்தியசாலையை மார்ஸ்டன் நிறுவினார். ஏழைகளுக்கு அங்கு வைத்தியம் இலவசம். இன்று றோயல் மார்ஸ்டன் என்று உலகம் அறிந்த வைத்தியசாலை அதுவே. ஆராய்ச்சி நிறுவகம் அதன் வயிற்றிற் பிறந்த பிள்ளை. தருமப் பணத்தினாலும் பொதுப் பணத்தினாலும் வளர்ந்த பிள்ளை என்பதை வாசகர் இக்கட்டுரையின் கடைசி வரி வரையில் மனதில் வைத்திருக்கவேண்டும்.

இரண்டு தொன் கீலில் ஒரு குற்றவாளி

நிறுவகத்தின் முதற் பெருஞ்சாதனை மருந்தன்று. ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தது. அதன் கதை 1775ஆம் ஆண்டிலே தொடங்குகிறது. இலண்டனில் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு விதைப்பையிற் புற்றுநோய் உண்டாவதையும் அதற்குப் புகைக்கரியே காரணம் என்பதையும் அவ்வாண்டில் எழுதி வெளியிட்டார். சின்னஞ்சிறு பையன்களைக் குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏற்றி இறக்கிய காலம் அது. அவர்களின் உடலில் அப்பிய கரி பல ஆண்டுகளின் பின் கொலைசெய்தது.

காரணம் 1775இல் தெரிந்துவிட்டது. சிறுவரைப் புகைபோக்கிக்குள் அனுப்பும் வழக்கத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் மெய்யாகவே ஒழித்த சட்டம் எப்போது வந்தது? 1875இல்! இடையில் 1788இலும் 1840இலும் சட்டங்கள் இயற்றப்படாமலில்லை. இயற்றப்பட்டன; ஏட்டிலே கிடந்தன. மேற்பார்வைக்கு ஆளும் தண்டனைக்குப் பல்லும் இல்லாத சட்டம் ஏழைக்கு எவ்வளவு உதவும் என்பதை நம் நாட்டு மக்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. ஒரு வைத்தியரின் அறிவுக்கும் ஒரு பையனின் விடுதலைக்கும் இடையே நூறாண்டு தூரம் இருந்தது.

கரியிலுள்ள எப்பொருள் புற்றை உண்டாக்குகிறது என்பது அப்போதும் தெரியவில்லை. 1915ஆம் ஆண்டில் தோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகப் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். ஆனால் தார் என்பது ஒரு பொருளன்று. எண்ணற்ற பொருள்களின் கூட்டு. கூட்டத்தில் ஒருவன் கொலைசெய்தான் என்று அறிவது வேறு, அவன் இன்னான் என்று கூண்டில் நிறுத்துவது வேறு. அவ்வேலையை ஏர்னஸ்ட் கென்னவே என்பவரின் தலைமையில் இலண்டன் நிறுவகத்தினர் மேற்கொண்டனர். 1930இல், சுத்தமான ஒரே இரசாயனப் பொருள் தனித்து நின்று புற்றை உண்டாக்கும் என்று முதன்முதலாக நிரூபித்தனர். பின்னர் குக், ஹியூவெற், ஹீகர் என்போர் இரண்டு தொன் நிலக்கரிக் கீலை எடுத்துக் காய்ச்சி, வடித்து, பிரித்து, மீண்டும் பிரித்து, முடிவிற் சிறிதளவு மஞ்சள் நிறப் பளிங்கைக் கைக்கொண்டனர். 1933ஆம் ஆண்டு அதனை உலகுக்கு அறிவித்தனர். பென்சோபைரீன் என்பது அதன் பெயர்.

இப்பெயர் நமக்கு அந்நியமானது, பொருள் அந்நியமானதன்று. சிகரெட்டுப் புகையிலும் சுருட்டுப் புகையிலும் அது இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே புகையிலைக் காசில் எழுந்த கல்வீடுகள் எத்தனை என்று எண்ணிப்பார்ப்பவர்கள், அக்காசு வேறு எங்கே யாருடைய நெஞ்சிலிருந்து கழிக்கப்பட்டது என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். இதனை எழுதுவது சிலருக்குக் கசக்கும். கசந்தால் கசக்கட்டும். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே தீர்ப்பளித்துவிட்டது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் அத்தீர்ப்பு விட்டுவைக்கவில்லை. தோட்டத்துப் பெண் கொழுந்து பறிக்கும்போது பசியை அடக்க வாயில் அதக்கிக்கொள்வது அதைத்தான். பொட் கண்டதற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே ஓடிய நூறாண்டு நமக்கும் ஓடவேண்டுமா என்பது தனியே எழுதவேண்டிய விடயம்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அலெக்சாந்தர் ஹடோவின் தலைமையில் நிறுவகம் மருந்து ஆக்கத்தில் இறங்கியது. புசல்பன், குளோரம்புசில், மெல்பலான் ஆகிய மூன்றும் அங்கு உருவாகியவை. குருதிப் புற்றுக்கும் அதனை ஒத்த நோய்களுக்கும் இவற்றை வைத்தியர்கள் இன்றும் கையாள்கின்றனர். 1964இல் புறூக்சும் லோலியும் புற்றுண்டாக்கும் பொருள்கள் உயிரணுவின் மரபுப்பொருளான டி.என்.ஏ.யுடன் பிணைவதைக் காட்டினர். எவ்வளவு பிணைகிறதோ அவ்வளவு கொடியது என்றும் கண்டனர். புற்றுநோய் என்பது மரபுப்பொருளிலே நேர்ந்த சேதம் என்னும் இன்றைய கொள்கைக்கு அஃது ஓர் அடிக்கல். இவற்றை விரித்தெழுத இடமில்லை. நாம் வழக்குக்கு வருவோம்.

முதுசமா, தேடியதேட்டமா?

சில குடும்பங்களிலே பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவதுண்டு. அதற்குக் காரணமான மரபணுவைத் தேடும் போட்டி 1990ஆம் ஆண்டளவில் மும்முரமாயிற்று. இலண்டன் நிறுவகத்தில் மைக்கல் ஸ்ட்ராட்டன் என்பவர் தலைமை தாங்கினார். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து மார்க் ஸ்கோல்னிக் குழுவினருடன் கூட்டுச் சேர்ந்து அவர் உழைத்தார். இரண்டாவது மரபணு பதின்மூன்றாம் நிறமூர்த்தத்திலே இருக்கிறது என்று இரு சாராரும் சேர்ந்து 1994இல் அறிவித்தனர். இதற்கிடையில் ஸ்கோல்னிக் மிரியட் என்ற கம்பனியைத் தொடக்கியிருந்தார். மரபணு அகப்பட்டால் அது யாருக்கு உரியதாகும் என்று ஸ்ட்ராட்டன் கேட்டார். கம்பனிக்கே உரியதாகும் என்பது தெளிவானதும் கூட்டை முறித்துக்கொண்டு வெளியேறினார்.

இம்முறிவின் கனத்தை வாசகர் எண்ணிப்பார்க்கவேண்டும். ஆராய்ச்சியாளனுக்கு முதன்மைதான் உயிர். பணமும் கருவியும் மிகுந்த ஒரு கூட்டாளியைப் பகைவனாக்கிக்கொண்டு, அவனுடனேயே ஓட்டப்பந்தயம் ஓட ஒருவர் துணிந்தார். எதற்காக? இரத்தம் கொடுத்த குடும்பங்களுக்காக. தங்கள் தாயையும் சகோதரியையும் பறிகொடுத்த பெண்கள், இனி வருகின்ற பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று கை நீட்டிக் கொடுத்த இரத்தம் அது. அதனை ஒரு கம்பனியின் பங்குச் சந்தைப் பெறுமதியாக மாற்ற எவருக்கு உரிமையுண்டு?

கேம்பிரிட்சுக்கு அண்மையிலுள்ள சாங்கர் நிலையத்தினர் கைகொடுத்தனர். 1995ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் இலண்டன் குழுவினர் அந்த இரண்டாவது மரபணுவைக் கண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். அதே நாட்களில் மிரியட் கம்பனியும் தன் ஆக்கவுரிமை விண்ணப்பத்தை அமெரிக்காவிலே தாக்கல் செய்தது. இலண்டன் நிறுவகத்தினரும் சும்மா இருக்கவில்லை. தாம் கண்ட பகுதிக்குத் தாமும் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தனர்.

இதென்ன முரண்பாடு என்று சிலர் வினவலாம். முரண்பாடு இல்லை. நம் முன்னோர் காணியைத் தருமசாதனம் எழுதிவைத்தது ஏன்? காணியை ஆளவேண்டும் என்பதற்காகவா? வேறொருவன் ஆளவிடக்கூடாது என்பதற்காக. அந்த ஆக்கவுரிமையும் அத்தகையதே. அது பின்னர் பிரித்தானியாவின் பெருந் தருமத்தாபனமான புற்றுநோய் ஆராய்ச்சி இயக்கத்தின் கையில் இருந்தது. 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் அதனை உறுதிசெய்தபோது, ஐரோப்பாவெங்குமுள்ள பொது ஆய்வுகூடங்கள் அந்த மரபணுவைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அத்தாபனம் அறிவித்தது. வாள் செய்யும் உலைக்களத்திலே கேடயமும் செய்யலாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறாயிருந்தது. இரண்டு மரபணுக்களுக்கும் ஆக்கவுரிமை பெற்றுக்கொண்ட மிரியட் கம்பனி, அச்சோதனையைச் செய்துவந்த பல்கலைக்கழக ஆய்வுகூடங்களை நிறுத்துமாறு கடிதம் அனுப்பியது. நாடு முழுவதற்கும் சோதனை செய்ய ஒரே கம்பனி! கட்டணம் 3,000 டொலருக்கு மேல். தன் உடலுக்குள்ளே இருக்கும் மரபணு எப்படி இருக்கிறது என்று அறிய ஒரு பெண் கம்பனியிடம் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. வேறோர் ஆய்வுகூடத்தில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கவும் அவளுக்கு வழியிருக்கவில்லை.

2009ஆம் ஆண்டு வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் நோயாளிகளும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2013ஆம் ஆண்டு யூன் மாதம் 13ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இயற்கையில் உள்ள மரபணுவை உடலிலிருந்து பிரித்தெடுத்ததனாலே அது எவரது ஆக்கமும் ஆகிவிடாது. ஆகவே அதற்கு ஆக்கவுரிமை இல்லை. ஆனால் ஆய்வுகூடத்திலே மனிதர் செயற்கையாக ஆக்கிய பிரதி மரபணுவுக்கு ஆக்கவுரிமை பெறலாம். தேசவழமை படித்தவனுக்கு இத்தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம்: மரபணு முதுசம், செயற்கைப் பிரதி தேடியதேட்டம். முதுசத்தைக் கண்டெடுத்தவன் அதற்கு உரித்தாளி ஆகான். தீர்ப்பு வெளிவந்த அன்றே வேறு ஆய்வுகூடங்கள் குறைந்த கட்டணத்திற் சோதனை செய்ய முன்வந்தன. இதனால், அதுவரை இருந்த கட்டணத்திலே எவ்வளவு செலவு, எவ்வளவு உரிமை என்பது உலகுக்குப் புலனாயிற்று. 2015ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் ஒருமனதாக அக்கம்பனிக்கு எதிராகவே தீர்ப்புக் கூறியது.

அந்த மரபணுவைப் பூட்டிவைக்காமல் வெளியிட்டதனால் விளைந்த பயன் ஒன்றையும் கூறவேண்டும். உயிரணுவின் டி.என்.ஏ. அறுந்தால் அதைச் செப்பனிட உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. குறித்த மரபணு பழுதான கட்டியிலே ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. மற்ற வழியையும் மருந்தால் அடைத்துவிட்டால்? ஒரு கிணறு தூர்ந்த வளவிலே மற்றக் கிணற்றையும் மூடினாற்போல் அக்கட்டி மடியும்; இரு கிணறும் உள்ள நல்ல உயிரணு தப்பிக்கொள்ளும். அலன் அஷ்வேர்த் முதலிய இலண்டன் நிறுவகத்தினர் இதனை 2005இல் 'நேச்சர்' சஞ்சிகையிலே நிரூபித்தனர். ஷெபீல்ட் நகர ஆராய்ச்சியாளரின் அதே முடிவும் அதே இதழில் வெளிவந்தது. ஒலாபறிப் என்னும் மருந்து இவ்வழியில் எழுந்து 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. மருந்துக்கு உரிமை ஒரு கம்பனியிடம்தான் இருக்கிறது என்பதை நாம் மறைக்கவில்லை. மறைக்கவேண்டியதுமில்லை, நம் அடுத்த சாட்சி அதனைப்பற்றியே பேசும்.

கையை விட்டுப்போன மருந்து

ஆண்களின் புரஸ்தசுரப்பியில் வரும் புற்று, ஆண்மைச் சுரப்புநீரை உண்டு வளர்வது. விதைகளின் சுரப்பை நிறுத்தினால் நோய் தணியும் என்று சார்ள்ஸ் ஹகின்ஸ் சிக்காகோவிலே 1941இல் காட்டினார். ஆயினும் சில காலத்தின் பின் நோய் மீண்டும் தலையெடுக்கும். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியும் கட்டி தானும் அந்நீரை ஆக்கிக்கொள்வதே காரணம். அவ்வாக்கத்திற்கு இன்றியமையாத ஒரு நொதியத்தை அடைக்கும் மருந்தை மைக் ஜார்மன் முதலிய இலண்டன் நிறுவகத்து இரசாயன விஞ்ஞானிகள் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆக்கினர். அபிறாற்றரோன் என்பது அம்மருந்து. பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தருமத்திலிருந்தும் பொதுநிதியிலிருந்தும்.

அதன்பின் அம்மருந்து பட்ட பாடு விசித்திரமானது. முதலில் உரிமம் பெற்ற பெரிய கம்பனி ஒன்று அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பல ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 2004இல் கூகர் என்ற சிறு அமெரிக்கக் கம்பனி உரிமத்தை எடுத்தது. முதல் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது எங்கே? அதே றோயல் மார்ஸ்டன் வைத்தியசாலையில். நல்ல பலன் தெரிந்தது. தெரிந்ததும் 2009இல் ஜோன்சன் அன் ஜோன்சன் கம்பனி கூகரை ஏறத்தாழ நூறு கோடி டொலருக்கு வாங்கியது. இரசாயன மருந்தேற்றலும் பலனற்றுப்போன நோயாளரிடையே நடத்திய பெரும் பரீட்சையில், மருந்து பெற்றோர் சராசரி 14.8 மாதமும் பெறாதோர் 10.9 மாதமும் உயிர் வாழ்ந்தனர். நான்கு மாதம் என்று இலேசாகச் சொல்லிவிடலாம். தந்தையின் படுக்கையருகில் இருந்த பிள்ளைக்கு நான்கு மாதம் என்பது எவ்வளவு என்று கேட்டுப்பார்க்கவேண்டும். 2011ஆம் ஆண்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

விலை? பிரித்தானியாவில் ஒரு மாதத்துக்கு 2,930 பவுண். தருமப் பணம் கொடுத்த நாடு அது. மருந்தை ஆக்கிய நிறுவகமும் முதற் பரீட்சை நடந்த வைத்தியசாலையும் அந்நாட்டிலேயே உள்ளன. அந்நாட்டின் தேசிய சுகாதார சேவைக்கு ஆலோசனை கூறும் சபை 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில், இவ்விலை கட்டுப்படியாகாது என்று மருந்தை மறுத்தது! தன் வளவில் தான் நட்ட மாவின் பழத்தைச் சந்தையிலே விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன் கதை. சில மாதங்களின் பின் கம்பனி தள்ளுபடி தர இணங்கியது, சபையும் சம்மதித்தது. தள்ளுபடி எவ்வளவு? அது வணிக இரகசியமாம். வரி கொடுக்கும் மக்கள், தம் பணத்தில் வாங்கும் பொருளின் விலையை அறியக்கூடாதாம். பொதுப் பணத்தில் இரகசிய விலை என்ற கொள்கை எந்தச் சனநாயகத்திலும் நிலைக்கத்தக்கதன்று என்பது எமது உறுதியான கருத்து.

இன்னொன்றும் சட்டம் பயின்றோர் கவனிக்கத்தக்கது. மருந்துக்குரிய மூல ஆக்கவுரிமை அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்தது. அதற்கு முன்னரே, இம்மருந்தைப் பிறெட்னிசோன் என்ற பழைய மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு இரண்டாவது ஆக்கவுரிமை ஒன்றைக் கம்பனி வாங்கி வைத்திருந்தது. அஃது 2027 வரை நீள்வது. வைத்தியர் எவரும் எளிதில் எண்ணக்கூடிய சேர்க்கைக்குத் தனியுரிமை இல்லை என்று 2018இல் அதற்குரிய சபையும், 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனைத் தள்ளின. 2018இன் இறுதியில் அமெரிக்காவிலும் 2022இல் பிரித்தானியாவிலும் வேறு கம்பனிகள் அம்மருந்தை விற்கத் தொடங்கின, விலை சரிந்தது. மருந்தின் இரசாயனம் மாறவில்லை. மாறியது உரிமை மட்டுமே.

கம்பனிகளின் சார்பிலே கூறப்படும் நியாயத்தையும் கேட்போம். ஆய்வுகூடத்தில் மருந்து காண்பது தொடக்கம் மட்டுமே. ஆயிரக்கணக்கான நோயாளரிடம் பரீட்சித்து அனுமதி பெறும் செலவை எந்தப் பல்கலைக்கழகம் தாங்கும் என்று வினவுகின்றனர். இவ்வினாவில் உண்மை உண்டு. அபிறாற்றரோன் பல ஆண்டு தூங்கியதற்குக் காரணம் அதனைத் தூக்கிச் செல்லப் பணம் படைத்தவன் வராததே. இலண்டன் நிறுவகம் தன் உரிமப் பங்காகப் பெற்ற பணத்தை மீண்டும் ஆராய்ச்சியிலேயே இட்டது என்பதும் உண்மை. இலாபமே கூடாது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் வியாபாரி போட்ட முதலுக்கு இலாபம் கேட்கும்போது, அவனுக்கு முன்னே முதல் போட்ட மக்களின் பங்கு எங்கே என்று கேட்பதில் என்ன தவறு? காணியைக் குத்தகைக்குக் கொடுப்பவன் நிபந்தனை எழுதாமல் உறுதி முடிப்பானா? விலை இவ்வளவுக்கு மேற்படக்கூடாது, வறிய நாடுகளில் பிறர் செய்து விற்கத் தடையில்லை, குறித்த காலத்துள் மருந்தைப் பயன்படுத்தாவிடில் உரிமம் திரும்பவேண்டும் என்று அவ்வொப்பந்தத்திலே எழுதிக்கொள்வதை எந்தச் சட்டம் தடுத்தது? எழுதத் துணிவில்லை, அல்லது எழுதவேண்டும் என்ற நினைப்பில்லை. மரபணு விடயத்திலே இருந்த விழிப்பு மருந்து விடயத்திலும் இருந்திருக்குமாயின் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

நம் நாட்டின் கையிலுள்ள கருவி

இனி நம்மைப் பார்ப்போம். மருந்து வியாபாரிகளின் ஆதிக்கத்தைச் சிறு நாடு ஒன்று எதிர்க்கமுடியும் என்று உலகுக்குக் காட்டியவர் நம் நாட்டவரான பேராசிரியர் சேனக பிபிலே. 1971ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில் வாங்கு, எல்லா நாட்டினரிடமும் விலை கேள் என்ற அவரது எளிய விதிகள் உலக சுகாதாரக் கொள்கையிலேயே இடம்பெற்றன. சிங்களவரின் புதல்வர் எமக்குச் செய்த நன்மையைப் போற்ற எமக்குத் தயக்கமில்லை.

2001ஆம் ஆண்டு நவம்பரில் தோகா நகரில் கூடிய உலக வர்த்தக நாடுகள், மக்களின் சுகாதாரத்தைக் காக்க ஆக்கவுரிமையை மீறி உரிமம் வழங்க ஒவ்வொரு அரசுக்கும் அதிகாரமுண்டு என்று ஒப்புக்கொண்டன. 2003இல் புலமைச் சொத்து மசோதா நமது பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அத்தகைய தணிப்பு விதிகளை விட்டுவிட்டு ஆக்கவுரிமையை மட்டும் ஏற்பது சமத்துவ உரிமைக்கு முரணாகும் என்று நமது உயர் நீதிமன்றம் நிர்ணயித்தது. அதன் பயனாகவே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்திலே, பொதுநலன் கருதி உரிமையாளரின் சம்மதமின்றிப் பிறருக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் எழுதப்பட்டது. கருவி நம் கையில் இருக்கிறது.

அக்கருவி என்ன செய்யும் என்பதற்குப் பாக்குநீரிணையின் அக்கரையிலே சான்று உண்டு. ஈரல் புற்றுக்கும் சிறுநீரகப் புற்றுக்கும் உரிய சொறாபெனிப் என்னும் மருந்தை பேயர் கம்பனி இந்தியாவில் மாதம் 2,80,428 ரூபாவுக்கு விற்றது. 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியாவின் ஆக்கவுரிமைக் கட்டுப்பாட்டாளர் கட்டாய உரிமம் வழங்கினார். நற்கோ என்ற இந்தியக் கம்பனி அதே மருந்தை 8,880 ரூபாவுக்கு விற்கவேண்டும் என்றும், விற்பனையில் ஒரு பங்கை உரிமையாளருக்குக் கொடுக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டார். விலை முப்பதில் ஒரு பங்காயிற்று. உலகம் இடிந்து விழவில்லை. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், இரத்தப் புற்று மருந்தான இமாற்றினிப்பின் புது வடிவத்துக்கு நொவாற்றிஸ் கம்பனி கேட்ட ஆக்கவுரிமையையும் மறுத்தது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மகரகம வைத்தியசாலையிற் புற்றுநோய் மருந்துகள் தட்டுப்பட்டதை நாடு அறியும். வடக்கிலே தெல்லிப்பழையில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலை எப்படி எழுந்தது? 2011ஆம் ஆண்டு தெவிநுவர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்துவந்தவர்கள் வழிவழியே திரட்டிய பணத்தில் எழுந்தது. தெற்கிலே சிங்களத் தாய்மார் தந்த சில்லறையும் அச்சுவர்களில் உண்டு. மார்ஸ்டனின் வைத்தியசாலையைப் போல அதுவும் மக்கள் பணத்திற் பிறந்த பிள்ளை. அக்கட்டடத்துக்குள் மருந்தை அனுப்பும் கடமை அரசாங்கத்தினுடையது.

ஆகவே சுகாதார அமைச்சரிடம் நாம் கேட்கின்ற கேள்விகள் சில. அரசாங்கம் வாங்கும் புற்றுநோய் மருந்துகளுள் இந்நாட்டில் ஆக்கவுரிமை உள்ளவை எவை? அவை ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்படும் விலை என்ன? அயல்நாடுகள் கொடுக்கும் விலை என்ன? 2003ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரத்தை எம்மருந்தின் பொருட்டாவது பிரயோகிக்க அமைச்சு ஆலோசித்ததுண்டா? ஆலோசித்ததாயின் தடுத்தவர் யார்? தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கேள்விகளை எழுத்துமூலம் சபையிலே சமர்ப்பித்து, பதிலை ஹன்சாட்டில் ஏறச் செய்யவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மூதவைக்கும் பேரவைக்கும் நமது விண்ணப்பம் வேறு: மருத்துவபீடத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்கு வெளியார் பணத்துடன் வரும்போது, கையொப்பமிடுமுன் அவ்வொப்பந்தத்தைச் சட்டம் அறிந்த ஒருவர் வரிக்கு வரி வாசிக்கட்டும். நோயாளர் கொடுக்கும் இரத்தத்துக்கும் தசைக்கும் அதிலே யார் உரிமையாளர் என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலிற் பார்க்கட்டும்.